உட்கார்ந்தால் மறையும் ஏரி

மகனே,

இதை நீ படிக்கிற நாளில் உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கலாம். எனக்கு இப்போது இருபத்தேழு. உனக்குப் பதினொரு மாதம். நாளைக் காலை நான் வடக்கே வேறொரு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போகிறேன். அங்கே வீடு கிடைக்கும்வரை நீயும் உன் அம்மாவும் பூந்தமல்லியில் உன் தாத்தா வீட்டில் இருப்பீர்கள். பெட்டி கட்டியாகிவிட்டது, கையில் இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது, சும்மா உட்கார எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். உன் அப்பன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்று பிற்காலத்தில் யாராவது உன்னிடம் சொல்வார்கள். பண்ணையாரோடு மோதினான் என்பார்கள், கதைப் பைத்தியம் பிடித்தது என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை ஏரி மராமத்து. ஓவர்சியர். கரை எங்கே தாழ்ந்திருக்கிறது, மதகில் எங்கே ஒழுகுகிறது, மழை நாளில் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் தாங்குமா, இவற்றை அளந்து எழுதுகிறவன். கொரட்டூர் ஏரியில் இருந்து பருத்திப்பட்டு ஏரி வரை லெவல் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். கதை படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவதும், அதை மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்து அழுவதும் எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் உன் அம்மா படிப்பாள். அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வாராவாரம் பத்திரிகை வரும். அதில் தொடராக வந்த ஒரு ஏரிக்கதையை ஒரு வாரம்கூட விடாமல் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி ஒரு புத்தகமாக்கி வைத்திருந்தாள். நான் சொல்லப்போகும் சமயத்தில் அதை எழுதியவர் காலமாகி இரண்டு வருஷம். பெயரெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும், நான் எழுதப்போவதில்லை.

பருத்திப்பட்டு ஏரியின் கரை முடிகிற மேட்டில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. அவர் சிறு வயதில் அங்கேதான் இருந்தார், கதையில் வருவது அந்த வீடும் அந்த ஏரியும்தான் என்று யாரோ பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் பட்டணத்துக்காரர்கள் ரயிலேறி ஆவடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒரு மனிதர் எழுதியது கையில் இருக்கும்போது அவர் பார்த்த மரத்தை எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும்? இதை உன் அம்மாவிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். "ஒரு தபா கூட்டிகினு போங்க" என்று மட்டும் சொல்வாள்.

கூட்டிக்கொண்டு போவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு நான் ஒரு முறை போயிருந்தேன், வேலையாக. இங்கேதான் என் தப்பு இருக்கிறது, கவனமாகப் படி. அந்த வீட்டை ஒட்டித்தான் கலங்கல் வாய்க்கால் போகிறது. மழைக்கு முன் அதை அகலப்படுத்த வேண்டும். நேராக வெட்டினால் பண்ணையார் வீட்டு முன்கூடத்தின் ஒரு மூலை போகும். பண்ணையார் என்னைக் கூடத்துக்குள் அழைத்துப்போய் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"ஓவர்சியர் சார், அவரு நம்ம வூட்டுப் புள்ள. இந்த ஜன்னலாண்ட, இந்த நாற்காலில ஒக்காந்துதான் பூரா கதையும் எழுதினாரு. இத்த இடிச்சிட்டு நாளைக்கு ஜனங்களுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க? பின்னால ஒரு கொட்டகை கீது. அத்த எடுத்துக்கோங்க. யாருக்கும் ஒபயோகம் இல்ல."

தண்ணீருக்கு வளைவு ஆகாது. வெள்ளம் வந்தால் வளைவின் வெளிக்கரையைத்தான் முதலில் கடிக்கும். இது முதல் வருஷப் பாடம், எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாதாட நேரமில்லை, பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு நாற்காலிக்காக வாய்க்காலை வளைத்துக் கொட்டகை வழியாகக் கோடு போட்டேன். வீட்டைச் சுற்றிப் பின்னால் போக நாற்பது அடிதான். போகவில்லை. அந்தக் கோட்டில் அடையாள முளை அடிக்க ஆட்களை அனுப்பிவிட்டு, முன்னால் நின்றபடியே ஃபீல்ட் புத்தகத்தில் எழுதினேன்: 'கொட்டகை. குடியிருப்பு இல்லை.' இடிக்க உத்தரவு வருவதற்கு அந்த ஒரு வரி போதும்.

மூன்று வாரம் கழித்து உன் அம்மாவை அழைத்துப் போனேன். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம், வயிற்றில் நீ. இனிமேல் பயணம் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டதால், இதை விட்டால் வேறு நாள் இல்லை என்று பிடிவாதம் பிடித்தாள். சரி, போய் நேரில் பார்த்தால் இந்தப் பித்து தெளியும் என்று நினைத்தேன். ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்காக்காரன் எங்களைப் பார்த்ததுமே, அம்மா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததுமே, புரிந்துகொண்டுவிட்டான்.

"கதைவூட்டுக்குத்தானே சார்? ஏறுங்க. மெதுவா ஓட்றேன், அம்மா பயப்பட வாணாம்."

வழியெல்லாம் சாட்டைக்குச்சியால் சுட்டிக் காட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, "தோ பாருங்கம்மா, கதைல வர்ற மரம்" என்றான்.

"கதைல ஆலமரம்ல வருது? இது புளியமரமாச்சே" என்றாள் உன் அம்மா.

"அது போன வருசம் காத்துல உழுந்துட்ச்சும்மா. இப்போ இதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்க்காமல் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடம் திறந்திருந்தது. பண்ணையார் ஊரில் இல்லை. ஜட்காக்காரனே உள்ளே வந்து நாற்காலியைக் காட்டினான், ஜன்னலைக் காட்டினான், வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற நோட்டைக் காட்டினான். உன் அம்மா தன் புத்தகத்தை விரித்து அந்த இடத்தைப் படித்தாள். கதையில் ஒரு பெண் சாயங்காலத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். தண்ணீர் தெரியவில்லை. கரைக்கு அந்தப்பக்கம் நடக்கிற கொக்குகளின் தலைகள் மட்டும் தெரிகின்றன. மதகின் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ரயில் புகை ஊர்ந்து போகிறது. சாராம்சம் அவ்வளவுதான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏரித் தண்ணீர் பளபளவென்று கண்ணில் அடித்தது. மதகுத் தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே கல்லாகத் தெரிந்தன. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் உட்கார்ந்தும் பார்த்தேன். தண்ணீர் தெரிந்தது, தூண் ஒன்றுதான்.

"சுத்தப் பொய். உங்க ஆள் இந்த ஊருக்கே வந்ததில்ல. ரூம்ல ஒக்காந்து புளுகியிருக்காரு" என்றேன்.

உன் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. இன்னொரு ஆளாக இருந்தால் அதோடு வாயை மூடியிருப்பான். நான் கோணம், தூரம் எல்லாம் சொல்லி விளக்கினேன்.

"நீங்க எல்லாத்தையும் அளந்துகினே இருங்க. எனக்குக் கால் கடுக்குது. தண்ணி எங்கனா கெடைக்குதா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் போனேன். முதல் முறையாக அந்த நாற்பது அடியை நடந்தேன்.

கொட்டகை வாசலில் என் முளை நின்றது. சிவப்பு வர்ணத்தில் ஏழு என்று எண் போட்டது. அதில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு புடவை, மூலையில் உரல், ஒரு பாய், சாமி படம். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பெண் வெளியே வந்தாள். முனியம்மா. பண்ணை வீட்டுக்கு மாவு இடித்துக் கொடுக்கிறவள், அவளுக்கு முன்னால் அதே வேலையைச் செய்தவள் அவளுடைய அம்மா. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது புகை மட்டும். குடியிருப்பு இல்லாத கொட்டகையிலிருந்து வருகிற அடுப்புப் புகை.

"புள்ளத்தாச்சிப் பொண்ண வெயில்ல நிக்க வச்சிகினு கீறியே, உள்ள வாம்மா" என்று என்னைத் திட்டி அவளை அழைத்துக்கொண்டாள். உன் அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, உரலுக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். எதிரே ஒரு சின்னப் பொந்து ஜன்னல். நான் வெளியே நின்று அந்த முளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க. இங்க வாங்களேன்."

"இன்னா?"

"வந்து பாருங்க."

உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது. "அதே ஏரிதான்" என்றேன்.

"நீங்க நின்னுகினு பாக்குறீங்க. கதைல வர்றவ மாவு இடிச்சிட்டுக் களைச்சுப்போயி ஒக்காந்துகினு பாத்தா. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். ஏரி காணாமல் போயிற்று. கரையின் தலை மேலே எழும்பித் தண்ணீரை முழுக்க மறைத்தது. கரைக்கு அந்தப்பக்கச் சரிவில் இரண்டு கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. தலைகள் மட்டும், உடம்பில்லாமல். மதகுத் தூண்கள் தனித்தனியாக, நடுவே ஒரு கை அகல வானத்தோடு நின்றன. அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அரக்கோணம் பக்கம் போகிற ரயில் வந்தது. அதன் புகை ஒரு தூணைத் தாண்டி, நடுவே ஊர்ந்து, இன்னொரு தூணுக்குப் பின்னால் போயிற்று.

மகனே, லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தினால் அது ஆள் நிற்கிற உயரத்துக்கு வரும். ஐந்து வருஷமாக நான் உலகத்தை அந்த உயரத்தில்தான் பார்த்திருக்கிறேன். கொட்டகைத் தரை கரையின் தலையைவிட மூன்றடி தாழ்வு என்று ஆட்கள் அளந்து சொன்னதை என் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன். நிற்கிறவன் கண் அதற்கு மேலே இருக்கும், உரலண்டை தரையில் உட்கார்ந்தவள் கண் கீழே. கணக்கு என் கையிலேயே இருந்தது. யாருடைய கண் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

"கதை எழுதினானே, அவன் சின்னப் புள்ளைல இங்கதான் ஒக்காந்துகினு இருப்பான்" என்றாள் முனியம்மா, நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று புரிந்தவளாக. "அவுங்கம்மாவும் எங்கம்மாவும் சேந்துதான் மாவு இடிப்பாங்க. இவன் பொகைய எண்ணிகினு கெடப்பான். கூடத்துல எங்களயெல்லாம் எங்க வுட்டாங்க? வாசப்படி மிதிக்க முடியாது."

உன் அம்மா அந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினாள். முனியம்மாவுக்கு எழுத்து தெரியாது. கதையில் என்ன இருக்கிறது என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் பின்னால் வந்து சொன்னதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு முகவாயில் கைவைத்தாள்.

"கொக்கு தலையெல்லாம் எழுதினானா? மாவு சலிடான்னா எந்திரிச்சி ஓடிப்பூடுவான். அத்த எழுதினானா, பாரு."

"அது இல்லியே" என்றாள் உன் அம்மா.

"எப்டி எழுதுவான், திருடன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மா அதைக் கவனித்துவிட்டாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு எழுத்து அவளுக்குத் தெரியும், நம் வீட்டு வராந்தாவில் வைத்துத்தானே வர்ணம் அடிப்பேன். "அது ஒங்க முளதானே?" என்றாள்.

"நீதான் அட்ச்சியா நைனா?" என்று முனியம்மா முகம் மலர்ந்தாள். "நல்லா எறங்க அட்ச்சிகீற. ஆடு இஸ்தாக்கூட அசைய மாட்டேங்குது."

மழுப்ப எனக்குத் தெரியாது. அது எதற்கான முளை என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். வாய்க்கால் இப்படி வளைந்து வரும், இந்தக் கொட்டகை போகும் என்றேன். இங்கே யாரும் இல்லை என்று எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆட்டைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள்.

"மழைக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டாள்.

முன்னால்தான் என்றேன். அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். எங்கே போவாள் என்பதை நான்தான் அவளிடம் கேட்டேன். "அது ஒனக்குத் தெரியணும், நீதானே கோடு போட்ட" என்றாள், கோபமே இல்லாமல்.

திரும்பும்போது ஜட்காக்காரன்தான் பேசினான். கொட்டகைக்குள் அத்தனை நேரம் இருந்ததால் எங்களுக்குக் கூடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ரகசியம் மாதிரிச் சொன்னான்: "அந்த நாற்காலி கீதே சார், அத்தப் பட்டணத்துலேந்து என் வண்டிலதான் ஏத்தினு வந்தேன். போன தைக்கு."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஃபீல்ட் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அதைச் செய்தேன். 'குடியிருப்பு இல்லை' என்பதன்மேல் கோடு. பக்கத்தில், 'குடியிருப்பு உண்டு. ஒரு பெண், ஒரு ஆடு.' வாய்க்காலை நேராக வெட்டப் புது வரைபடம் ஒன்றும் போட்டேன். என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. இரண்டையும் பார்த்துவிட்டு, முதலில் ஏன் இல்லை என்று எழுதினாய் என்றார். பின்னால் போய்ப் பார்க்கவில்லை என்றேன். ஏன் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேர்கோட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். என் ஊழியக் குறிப்பில் என்னவோ எழுதினார், அதை எனக்குக் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் உன் அம்மா கேட்டாள்: "கதைக்காரர் அங்கதான் ஒக்காந்திருந்தாருன்னு எழுதினீங்களா?"

எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை. அவளுக்கு அது வருத்தம். இன்றைக்கும் அதில் எங்களுக்குள் சண்டை உண்டு. என் கட்சி இது. ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்தார் என்பதற்காகக் கூடத்தைக் காப்பாற்றப் போய்த்தான் நான் வாய்க்காலை வளைத்தேன். அதே காரணத்தைச் சொல்லிக் கொட்டகையைக் காப்பாற்றினால், ஒருவரும் வந்து உட்காராத அடுத்த கொட்டகையை என்ன செய்வது? அங்கே அடுப்பு எரிகிறது. அது போதும். உன் அம்மாவின் கட்சி வேறு. அந்தக் கதை இல்லாவிட்டால் நீங்கள் பின்னால் போயே இருக்க மாட்டீர்கள் என்பாள். அதற்கு ஒரு பதில் உனக்குத் தோன்றினால் எழுது.

கூடத்தின் மூலை போயிற்று. பண்ணையார் மேலே மேலே மனுப் போட்டார். இப்போது வந்திருக்கிற மாற்றலுக்கும் அந்த மனுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னிடம் சொன்னார்கள். நம்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஐப்பசியில் அடை மழை பிடித்து, கலங்கல் வழிந்து, வாய்க்கால் நேராக ஓடியது. நீ பிறந்தது அந்த மழையில்தான். நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களாம். ஜட்காக்காரன் இப்போது ஜனங்களிடம், கதைக்காரர் எழுதிய கூடத்தை ஏரி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி அழ வைக்கிறானாம்.

அதற்குப் பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ பிறந்து மூன்று மாதம் ஆனதும், விடுமுறை நாட்களில் உன் அம்மாவின் பெட்டியில் இருக்கும் கதைகளில் எந்த ஊர் வருகிறதோ அங்கே போக ஆரம்பித்தேன். பூந்தமல்லிச் சாலையில் ஒரு மாந்தோப்பு, வெள்ளானூர்ப் பக்கம் ஒரு இடிந்த சத்திரம். சில இடங்களில் எழுதினவர் அப்படியே எழுதியிருக்கிறார். சில இடங்களில் தோப்பையே பெயர்த்து அடுத்த ஊரில் வைத்திருக்கிறார். ஏன் பெயர்த்தார் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வருவேன், ரயிலைத் தவறவிட்டும் வந்திருக்கிறேன். நீயும் போ. வாசலில் நிறுத்தி எதைக் காட்டுகிறார்களோ அதைப் பார்த்துக்கொள், தப்பில்லை. பார்த்துவிட்டுப் பின்பக்கம் சுற்றி வா. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார். அவர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார். பொய் என்று தீர்ப்புச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. கதை எழுதியவர்கள் விஷயத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு மேஜையும் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வந்தால் அன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

உன் அம்மா இப்போது தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, அந்த முளை என்னவாயிற்று என்று எழுதவில்லையே என்கிறாள். அதுவும் சரிதான். வளைவுக் கோட்டை ரத்து செய்ததும் முளைகளையெல்லாம் பிடுங்க நானே போனேன். ஆறு வரை பிடுங்கிவிட்டேன். ஏழில் கைவைத்ததும் முனியம்மா வெளியே வந்தாள்.

"அத்த ஏன் நைனா புடுங்குற? இருந்துட்டுப் போவட்டும். ஆடு பழகிட்ச்சு."

சர்க்கார் முளை. விட்டுவிட்டு வந்தேன். புத்தகத்தில் எழுதவில்லை, சர்க்கார் கணக்கில் நான் தெரிந்தே மறைத்தது அது ஒன்றுதான். நீ பருத்திப்பட்டுக்குப் போகும்போது சிவப்பு எழுத்து அழிந்திருக்கும், வேறு ஆடு கட்டியிருக்கும். ஆனால் முளை இருக்கும். இழுத்தால் அசையாத அளவுக்கு இறக்கித்தான் அடித்திருக்கிறோம்.

உன் அப்பா